வானத்தைப் பார்த்துச் சுட்டது

அமெரிக்காவுல இருந்து என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணாச்சி. அரசாங்கம் இல்ல. என் சொந்த மக. ஆறு மாசம் இருக்கலாம்னு ஏர்போர்ட் ஆபீசர் முத்திரை குத்திக் குடுத்தான். நாலாவது மாசம் முடியல, "அப்பா, டிக்கெட்ட மாத்திட்டேன், வியாழக்கிழமை ஃப்ளைட்"னு சொல்லிட்டா. என்ன தப்பு பண்ணேன்? லுங்கியோட தெருவுல நடந்தேன், வாஸ்தவம். பக்கத்து வீட்டு நாயை ஒரு வார்த்தை சொன்னேன், அதுவும் வாஸ்தவம். அதுக்கெல்லாம் அனுப்பல. ஒரு காக்காய்க்காக அனுப்பிட்டா. சிரிக்காதீங்க.

என் பேரு வேல்மயில். ஆயுதப்படையில ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தஞ்சு வருஷம். கதையில வர்ற போலீஸ் இல்ல நான், துப்பு துலக்குறதெல்லாம் கிடையாது. மந்திரி வந்தா ரோட்டோரம் நிக்கணும். தேர் ஓடுனா தேரோட நடக்கணும். மிச்ச நேரம் வேன்ல தூங்கணும். வெயில்ல நின்னு நின்னு தலையில முடி போனதுதான் மிச்சம். அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணியிருந்தேன். என் மக சுபாஷினியைப் போலீஸ்காரனுக்கு மட்டும் கட்டிக் குடுக்க மாட்டேன்னு.

அவ படிக்கப் போறேன்னு அமெரிக்கா போனா. போயி, அம்புட்டுப் பெரிய தேசத்துல, டாக்டரு, எஞ்சினியரு, வக்கீலு எல்லாரையும் விட்டுட்டு ஒரு போலீஸ்காரரைப் பிடிச்சுக் கட்டிக்கிட்டா. பேரு டெரன்ஸ். நல்ல உசரம், வாசல்ல குனிஞ்சுதான் உள்ள வருவாரு. நிறத்துல நானும் அவரும் அண்ணன் தம்பி மாதிரி, அதுல எனக்குக் குறையே இல்ல. போலீஸுங்கிறதுதான் குறை. எம் பொண்டாட்டி உயிரோட இருந்திருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பா. அவ இல்லாததால அந்த ரெண்டு நாளையும் நானே பாத்துக்கிட்டேன்.

சரி, போயி இறங்குனேன். மாப்பிள்ளை லீவுல இருந்தாரு. மெடிக்கல் லீவாம். ஆளைப் பாத்தா ஒரு கோளாறும் இல்ல, கை கால் எல்லாம் ஜம்முனு இருக்கு. காலையில எந்திரிச்சுப் பாத்திரம் தேய்க்கிறாரு. துணி மடிக்கிறாரு. அப்புறம் கார் நிறுத்துற ஷெட்டுல போயி ஒரு ஸ்டூலைப் போட்டுச் சும்மா உக்காந்திருக்காரு. கூப்பிட்டா ரெண்டு தடவை கூப்பிடணும். எனக்கு எரிச்சலா வந்துச்சு. முழு போலீஸ்காரன் இப்படியா இருப்பான்? ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன், "மாப்பிள்ளை, இதுவரைக்கும் ஒருத்தனையாவது ஓங்கி ஒரு அறை விட்டிருக்கீங்களா?"ன்னு. மக அதை மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டா.

"ஏம்மா, தொழில் விஷயம்தானே கேக்குறேன்"னேன்.

"அப்பா, பேசாம சாப்பிடுங்க"ன்னா.

பெறகு அவர் மாடிக்குப் போனதும் சொன்னா. அஞ்சு மாசத்துக்கு முன்னால ஒரு மத்தியானம், மாப்பிள்ளையும் அவர் கூட டூட்டி பாக்குற ரோசாங்கிற பொண்ணும் பெட்ரோல் பங்க்ல ஒரு காரை நிறுத்தியிருக்காங்க. நம்பர் பிளேட்டு சரியில்லன்னு. அம்புட்டுதான். உள்ள இருந்தவனுக்கு இருபது வயசு. கையில சாதாரண பிஸ்டல். ஆனா அதுக்குப் பின்னால கட்டைவிரல் நகம் அளவுல ஒரு சாமான் மாட்டியிருக்கான். அது மாட்டுனா பிஸ்டல் பிஸ்டலா இருக்காதாம் அண்ணாச்சி, மிஷின்கன் ஆயிருமாம். ஒரு தடவை அமுக்குனா விரலை எடுக்குற வரைக்கும் கொட்டிக்கிட்டே இருக்கும். அவனுக்கே அதைப் பிடிக்கத் தெரியல. கை தன்னால மேல போயிருச்சு. பங்க் சுவரு, கூரை, பால் விக்கிற கடை கண்ணாடி, எல்லா இடத்துலயும் ஓட்டை. ரெண்டு ரோசா மேல. மாப்பிள்ளைக்குப் பக்கத்துலயே. அவர் மேல ஒண்ணும் படல, வலது காதுல மட்டும் ஒரு விசில் சத்தம், அன்னையிலிருந்து நிக்கவேயில்ல. ரோசா பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து போயிட்டாளாம்.

"எத்தனை நேரம் நடந்துச்சு?"ன்னு கேட்டேன். நானும் ஆயுதம் தூக்குனவன் பாருங்க, அதான் மொதல்ல கேக்கத் தோணுச்சு.

"ரெண்டு செகண்டுப்பா"ன்னா.

மறுநாள் பாத்திரத்தை நானே தேய்ச்சேன். சரியாத் தேய்க்கலன்னு அவர் திரும்பத் தேய்ச்சாரு, அது வேற விஷயம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்தச் சாமான் இருக்கே, அதுக்கு நம்ம டெல்லி மாதிரி அங்கயும் மேல ஒரு சட்டம் இருக்காம், வச்சிருக்கக் கூடாதுன்னு. ஆனா அவங்க மாநிலத்துல சட்டம் இல்ல. அதனால உள்ளூர் போலீஸ் அதைப் பிடிச்சாலும் அதுக்குன்னு கேஸ் போட முடியாது. மேல இருந்து ஆள் வரணும், அவங்களுக்கு ஆயிரம் சோலி. ஆக, மாநிலத்துலயும் தடை பண்ணுங்கன்னு ஒரு மசோதா. யார் கேக்குறா? போலீஸே கேக்குது! எனக்கு அதான் ஆச்சரியம். நம்ம ஊர்ல மேலிடம் சட்டம் போடும், நாங்க சல்யூட் அடிப்போம், சட்டம் என்னன்னு பத்து வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுக்குவோம். அங்க கமிஷனர் மாதிரி இருக்கிறவங்க வரிசையா போயி, ஐயா தடை பண்ணுங்க, எங்க ஆளுங்க சாகுறாங்கன்னு மனுக் குடுக்குறாங்க. சட்டசபைக் கமிட்டி முன்னால மாப்பிள்ளையும் பேசணும்னு கூப்பிட்டிருந்தாங்க. நேர்ல பாத்தவர் அவர்தானே.

பத்து நாளா எழுதுனாரு அண்ணாச்சி. எழுதுறது, கிழிக்கிறது. எழுதுறது, கிழிக்கிறது. நான் எஃப்.ஐ.ஆர் எழுதுற ரைட்டருங்களைப் பாத்திருக்கேன், நடக்காததையே பத்து நிமிஷத்துல எழுதிருவாங்க. நடந்ததை எழுத இவருக்குப் பத்து நாளு.

கமிட்டிக்குப் போற அன்னைக்கு நானும் வருவேன்னு நின்னேன். எதுக்குப்பான்னு மக கேட்டா. "போலீஸ்காரனுக்குப் போலீஸ்காரன் துணை"ன்னேன். கோட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்திருந்தா, அதைப் போட்டுக்கிட்டேன்.

அந்த ஹாலைப் பாக்கணுமே! உசரத்துல பதிமூணு மெம்பருங்க. ஒருத்தர் போன் பாக்குறாரு. ஒரு அம்மா கடலை கொறிக்கிது. ஒருத்தர் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாரு, அந்த வித்தை எனக்கு நல்லாத் தெரியும், எங்க படையில அதுக்குத் தனிப் பயிற்சியே உண்டு. முன்னால மேஜையில ஒரு விளக்கு. பச்சை எரிஞ்சா பேசணும், மஞ்சள்னா முடிக்கணும், சிவப்புன்னா வாயை மூடணும். ரெண்டு நிமிஷம். நம்ம ஊர் மேடைக்கு அந்த விளக்கு ஒண்ணு வாங்கிட்டு வரலாம்னு நெனச்சேன்.

போலீஸ் பெரியவங்க நாலு பேர் பேசுனாங்க. இன்ன வருஷம் இத்தனை பிடிச்சோம், இந்த வருஷம் இத்தனைன்னு. எதிர்த்து ஒரு தாடிக்காரர் வந்தாரு. இடுப்பு பெல்ட்டுல பித்தளைக் கொக்கி, நம்ம கோயில் தாம்பாளம் அளவு. இன்னைக்கு இந்தச் சின்னச் சாமானைப் பிடுங்குவீங்க, நாளைக்கு என் மான் வேட்டைத் துப்பாக்கியைப் பிடுங்குவீங்கன்னாரு. நல்ல குரல். சொல்லப்போனா ஹால்ல முக்காவாசிப் பேர் அவருக்குத்தான் தலையாட்டுனாங்க.

அப்புறம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டாங்க. யூனிஃபார்ம்ல போயி நின்னாரு. பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. காகிதத்தைப் பிரிச்சாரு. பேரைச் சொன்னாரு. ரோசா பேரைச் சொன்னாரு. அம்புட்டுதான். பெறகு வாய் அசையுது, சத்தம் வரல. கையால வலது காதைப் பொத்திக்கிட்டாரு. மஞ்சள் எரிஞ்சுச்சு. சிவப்பு எரிஞ்சுச்சு. தேங்க் யூன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டாரு. அந்த ரெண்டு நிமிஷமும் ஒரு பய கடலை கொறிக்கல, அதை ஒத்துக்கணும்.

அடுத்து பொதுமக்கள் பேசலாம்னாங்க. நான் எந்திரிச்சுட்டேன். மக கோட்டைப் பிடிச்சு இழுக்குறா, "அப்பா, நீங்க இந்த நாடே இல்ல!"ன்னு. வாசல்ல உக்காந்திருந்த அம்மாகிட்டக் கேட்டேன், யாரு வேணா பேசலாம்னு ஒரு ஃபாரத்தைக் குடுத்துச்சு. ஆதரவா எதிர்ப்பான்னு கட்டம். ஆதரவுல டிக் அடிச்சேன். "வெல் மைல்"னு என் பேரை ஏலம் விடுற மாதிரி கூப்பிட்டாங்க. மக வேற வழியில்லாம மொழிபெயர்க்க வந்து நின்னா.

இங்க காக்காயைப் பத்திச் சொல்லணும். தொண்ணூத்தேழுல ஒரு சாலை மறியல். தண்ணி கேட்டுக் காலிக்குடத்தோட சனங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க. கல்லு விழுந்துச்சு, ஜீப் கண்ணாடி உடைஞ்சுச்சு, சுடச் சொல்லிட்டாங்க. நானும் சுட்டேன். வீட்டுக்கு வந்தா சுபாவுக்கு அப்ப ஏழு வயசு, யாரோ சொல்லிட்டாங்க, "அப்பா, நீ சுட்டியாமே?"ன்னு கேட்டா. "ஆமா தாயி, வானத்தைப் பார்த்துச் சுட்டேன். போற வழியில ஒரு காக்கா மாட்டிக்கிச்சு. பொத்துனு விழுந்துச்சு, எந்திரிச்சு உடம்பை உதறுச்சு, என்னைக் கெட்ட கெட்ட வார்த்தையில திட்டிட்டுப் பறந்து போயிருச்சு"ன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அன்னையிலிருந்து தினமும் அந்தக் கதைதான். காக்கா திட்டுனது என்னன்னு தினமும் புதுசாச் சொல்லணும். ஸ்கூல்ல சொல்லியிருக்கா, காலேஜுல சொல்லியிருக்கா, மாப்பிள்ளைகிட்ட மொதல் நாளே சொல்லியிருக்கா, எங்கப்பா யாரையும் சுடாத போலீஸுன்னு.

அதைச் சொல்லி ஹாலைக் கொஞ்சம் சிரிக்க வச்சு, அப்படியே நம்ம கருத்தைச் சொருகிரலாம்னு என் திட்டம்.

"முப்பத்தஞ்சு வருஷம் போலீஸ்ல இருந்தேன்"னேன். மக சொன்னா. "ஒரே ஒரு நாள்தான் என்னைச் சுடச் சொன்னாங்க"ன்னேன். அதையும் சொன்னா, உதட்டுல லேசாச் சிரிப்பு, காக்கா வரப் போகுதுன்னு அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். காக்கா வரல அண்ணாச்சி. எதுத்தாப்புல மாப்பிள்ளை இன்னும் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. அவரைப் பாத்துக்கிட்டே நான் பாட்டுக்கு வேற என்னமோ சொல்றேன்.

"முழங்காலுக்குக் கீழ சுடச் சொல்லி எனக்கு உத்தரவு. முப்பதடி தூரத்துல ஒரு ஆளு கையை ஓங்கினான். கையில கல்லு. சுட்டேன். விழுந்தான்."

மக அதைச் சொல்லல. என்னையே பாத்தா. "சொல்லும்மா"ன்னேன். சொன்னா.

"என் துப்பாக்கி பழசு. ஒரு குண்டு போனா, போல்ட்டைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, திரும்பப் பூட்டணும். அப்பத்தான் அடுத்தது. நான் இழுத்தேன். இழுக்குற நேரத்துல பாத்தேன். கல்லு என் பக்கம் உருண்டு வந்துச்சு. அது கல்லு இல்ல. கொய்யாக்காய். ஒரு கடி கடிச்ச கொய்யாக்காய். யாருக்கோ தூக்கிப் போடப் போயிருக்கான். அவனைத் தூக்க ஒரு பொம்பள குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்தா. பின்னாலயே இன்னும் நாலு பேர். நான் பூட்டி முடிச்சு, குழலை மேல தூக்கிட்டேன். மிச்சம் ரெண்டு குண்டும் வானத்துக்குத்தான் போச்சு. பெட்ரோல் பங்க்ல அந்தப் பையன் கையில இருந்த சாமான் என் கையில இருந்திருந்தா, கொய்யாக்காயை நான் பாக்குறதுக்குள்ள அந்தப் பொம்பளையும் போயிருப்பா, அந்த நாலு பேரும் போயிருப்பாங்க. எனக்கு இழுக்குறதுக்கு நேரம் கிடைச்சுச்சு. அந்தச் சாமான்ல அது கிடையாது. தடை பண்ணுங்க."

மக கடைசி வரைக்கும் சொன்னா. சிவப்பு விளக்கு எப்பவோ எரிஞ்சிருக்கு, யாரும் நிறுத்தல. வர்ற வழியில அந்தத் தாடிக்காரர் எந்திரிச்சு எனக்கு வழி விட்டாரு. கை குடுக்கல. வழி விட்டாரு.

ஏழுக்கு ஆறுன்னு கமிட்டியில பாஸ் ஆச்சு. என்னாலதான்னு நான் சொல்லல. ஒரு ஓட்டு வித்தியாசம்னு மட்டும் சொல்றேன், மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. பெறகு சட்டசபையிலயும் பாஸாகி, போன வாரம் கவர்னர் கையெழுத்தும் போட்டுட்டாராம்.

கார்ல மக என் பக்கத்துல வந்து உக்காந்தா. பெறகு, "அப்ப காக்கா?"ன்னா.

"காக்கா இல்லம்மா"ன்னேன்.

"அந்த ஆளு?"

"கால்லதான் பட்டுச்சு. பொழைச்சுக்கிட்டான். ரிப்போர்ட்டுல 'காயம் ஒன்று'ன்னு போட்டிருந்துச்சு. சுட்டது சரிதான்னு விசாரணையிலயும் சொல்லிட்டாங்க."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் போகக் கூடாதும்மா, ரூல்ஸ் இருக்கு."

அம்புட்டுதான் அண்ணாச்சி. அதுக்கப்புறம் சோறு போடுறா, மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறா. ரெண்டு வாரம். காக்கான்னு சின்னப் புள்ளையில சொன்ன ஒரு விளையாட்டுக் கதை, அதுக்கு முப்பத்தி நாலு வயசுப் பொம்பள இப்படியா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா? "வேணும்னா வேற காக்காக் கதை சொல்றேன்"னு கூட விளையாட்டாச் சொல்லிப் பாத்தேன். எந்திரிச்சுப் போயி கதவைச் சாத்திக்கிட்டா. மறுநாள் டிக்கெட்ட மாத்திட்டா.

ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளைதான் கூட்டிட்டு வந்தாரு. அவருக்குத் தெரிஞ்ச தமிழே இருபது வார்த்தைதான். சாப்பிடு, தூங்கு, மாமா, போதும், இப்படி. பெட்டியை இறக்கி வச்சுட்டு என் தோள்ல கையைப் போட்டாரு. "மாமா, அந்த ஆள்... பேரு என்ன?"ன்னாரு.

இருபத்தேழு வருஷத்துல அதை யாரும் கேட்டதில்ல அண்ணாச்சி. விசாரணையில எத்தனை ரவுண்டுன்னு கேட்டாங்க. எத்தனை அடி தூரம்னு கேட்டாங்க. சுட்டு முடிச்ச தோட்டாக் கூடு எண்ணிக்கை சரியான்னு கேட்டாங்க. எங்கம்மா மேல ஆணையா, பேரு என்னன்னு ஒருத்தன் கேக்கல. நானும் கேட்டுக்கல. "தெரியாது மாப்பிள்ளை"ன்னேன். அவர் கோவிச்சுக்கல. "ஓகே மாமா"ன்னு கட்டிப் பிடிச்சாரு. தெரியாதுன்னு திரும்பவும் அவர் காதுல சொன்னேன், அவருக்கு எங்க கேக்கும், என் பக்கம் இருந்தது அந்த விசில் அடிக்கிற காது. ப்ளேன்ல பதினாறு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேனா, வேற நெனப்பு ஓடல.

அதான் இந்த பஸ்ஸு. சுரைக்குளம் விலக்குல, அந்த ஊருக்கு ரோடு பிரியுற இடத்துல இறங்கணும். மறியல் நடந்தது அங்கதான். வேற ஒண்ணுமில்ல, சும்மா பேரைக் கேட்டுட்டு, மாப்பிள்ளைக்கு வாட்ஸப்புல போட்டுரலாம்னு. மன்னிப்பு அது இதுன்னு நான் ஒண்ணும் போகல, விசாரணையிலயே சரிதான்னு சொல்லிட்டாங்க பாருங்க.

என்ன? நீங்களும் சுரைக்குளமா? அட, இம்புட்டு நேரமா வாயே திறக்கலயே அண்ணாச்சி நீங்க!

விலக்குலயே சைக்கிள் கடையா? கட்டைக் கம்பு ஊணி நடக்குற ஆளா... இடது காலு. ஆமா. இடதுதான்.

குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்த அந்தப் பொம்பள? இருக்காங்களா? அவர் சம்சாரமா அவங்க?

இருங்க இருங்க. பேரை நீங்க சொல்லாதீங்க. வேண்டாம். சொல்லாதீங்கன்னா... அவர் வாயால கேட்டுக்கிறேன்.

கண்டக்டர் விசில் அடிக்கிறாரு. நீங்க மொதல்ல இறங்குங்க அண்ணாச்சி. கொஞ்சம் என் கூட நடந்து வாங்க, கடை வாசல் வரைக்கும்.